எட்டு கேமரா பேக்கேஜ் நமக்கு எதற்கு?

2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர். 2025ல் சிவகிரி பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதி. இந்தக் கொலைகளுக்குப் பிறகு எங்கள் கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறவர்களுக்குப் பழைய தூக்கம் இல்லை. கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் போன் போட்டு, "மொதல்ல கேமரா வையுங்கப்பா" என்கிறார்கள். அந்தப் பயத்தின் பின்னாலேயே விற்கிறவர்களும் வருகிறார்கள். எட்டு கேமரா, ஒரு டிவிஆர், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க், வயர், பொருத்துற கூலி எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். என் கைக்கு வந்த விலைப்பட்டியல் 46,000 ரூபாய்.

யூரியா மூட்டையைப் பார்த்து நம்ம இயக்கத்துக்காரர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இது என் மண்ணுக்கு வேணுமா, விக்கிறவனுக்கு வேணுமா? கேமராவும் வெளியில் காசு கொடுத்து வாங்குகிற இடுபொருள்தான். அதே கேள்வியை இதற்கும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தோட்டத்திலேயே இரண்டு இருக்கிறது. எதைத் தெரிஞ்சுக்கணும், தெரிஞ்ச பிறகு யார் எழுந்து போகணும் என்று முடிவு பண்ணாமல் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வங்கி வேலையில் கேமராவோடு நிறைய வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். லாக்கர் அறைக்குள் யார் போனார், வந்தார் என்ற பதிவை 180 நாளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2021ல் போட்ட விதி. ஆறு மாதம் கழித்துக்கூட ஒருவர் வந்து நகையைக் காணோம் என்பார், அதனால் அங்கே பெரிய டிஸ்க் தேவை. தோட்டத்தில் நமக்கு ஆறு மாதத்துக் கதை வேண்டாம். ராத்திரி 1 மணிக்கு இட்டேரியில் ஒரு டெம்போ நுழைந்தால் 1 மணிக்கே தெரிய வேண்டும். பதிவு பண்ணுகிற கேமரா வேறு, கூப்பிடுகிற கேமரா வேறு. பேக்கேஜில் வருவது பெரும்பாலும் முதல் வகை. பயத்துக்கு மருந்து இரண்டாவது வகையில்தான் இருக்கிறது.

வயர் இழுக்கிற கேமரா வீட்டைச் சுற்றி வைக்க நல்லது. கரண்டும் நெட்டும் ஒரே வயரில் போகிற வகையில் 100 மீட்டர் வரை இழுக்கலாம். ஆனால் டிவிஆர் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் திருடன் முதலில் அதைத்தான் கழற்றிக்கொண்டு போவான். பரண் மேலேயோ பூட்டின அலமாரிக்குள்ளேயோ வையுங்கள், கரண்ட் போனாலும் ஓட ஒரு யுபிஎஸ் கொடுங்கள். வைஃபை கேமரா, வீட்டு ரூட்டர் எட்டுகிற தூரத்துக்குத்தான். களத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் சரி. நடுவில் இரண்டு சுவரும் நாலு தென்னையும் இருந்தால் மோட்டார் ரூமுக்கு எட்டாது.

மோட்டார் ரூம், கேட், ஆட்டுப்பட்டி, இந்த மாதிரி இடத்துக்கு சிம் கார்டு போட்டு சோலார் பலகையில் ஓடுகிற 4ஜி கேமராதான் வழி. இதில் விற்கிறவர் சொல்லாமல் விடுகிற விஷயங்கள் உண்டு. இந்த வகையில் பெரும்பாலானவை 24 மணி நேரமும் பதிவு பண்ணாது. தூங்கிக்கொண்டிருக்கும், முன்னால் உடம்புச் சூடு நகர்ந்தால் விழித்துக்கொண்டு சில விநாடி பதிவு பண்ணி நம் போனுக்கு அனுப்பும். நமக்கு அது போதும். பலகைக்கு நேர் வெயில் வேண்டும், தென்னை நிழலில் வைத்தால் ஐப்பசி அடைமழையில் மூன்றாம் நாள் கண்ணை மூடிவிடும். எந்தக் கம்பெனி சிம் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ணாதீர்கள். கேமரா வைக்கப் போகிற இடத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு நின்று போனில் வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள்.

டேட்டா கணக்கையும் போட்டுவிடலாம். விநாடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரம் நேரடியாகப் பார்க்க 450 எம்பி ஆகும். நாளுக்கு 1.5 ஜிபி கிடைக்கிற சிம்மில் மூன்றே கால் மணி நேரம். பேரன் பெங்களூரிலிருந்து "தாத்தா தோட்டம்" என்று நாள் முழுக்கத் திறந்து வைத்திருந்தால் ராத்திரி திருடன் வரும்போது டேட்டா இருக்காது. இரண்டு கேமரா என்றால் இரண்டு ரீசார்ஜ். அதையும் வருஷச் செலவில் எழுதுங்கள்.

அடுத்து இந்த மெகாபிக்சல் பெருமை. முன்பின் தெரியாத ஒருவரை முகம் வைத்து அடையாளம் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி விழ வேண்டும் என்பது இந்தத் துறையில் வைத்திருக்கிற அளவுகோல். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1,920 புள்ளி. அகலமாகப் பார்க்கிற 2.8 மி.மீ. லென்ஸில் மூன்று மீட்டர் தள்ளி நிற்கிற ஆள் வரைக்கும்தான் இந்தக் கணக்கு தேறும். அதற்கு மேல் ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. 6 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் எட்டு மீட்டர் வரை தேறும், ஆனால் பார்வை குறுகிவிடும். "ஒரே கேமராவில் மொத்தத் தோட்டமும் தெரியுங்க" என்று சொல்கிறவரிடம், எட்டு மீட்டரில் என் முகம் தெரியுமா என்று கேட்டு, ராத்திரியில் நின்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இருபதடிக் கம்பத்தில் ஏற்றுவதும் வீண், குல்லாவின் மேல்பக்கம்தான் பதிவாகும். ஆள் கட்டாயம் கடந்தாக வேண்டிய கேட்டில், எட்டு ஒன்பது அடி உயரத்தில் வைப்பது மேல்.

காட்டு விலங்குக்குக் கேமரா என்று கேட்கிறவர்கள் அதிகம். கேமரா பன்றியை விரட்டாது. ஆனால் வந்தது எது என்று சொல்லும், அதுவே பாதி வேலை. புலிகளைக் கணக்கெடுக்க வனத்துறை மரத்தில் கட்டுகிற மாதிரியான தானியங்கிக் கேமரா இப்போது நமக்கும் கிடைக்கிறது. சிம் வேண்டாம், நெட் வேண்டாம், சாதாரண பென்சில் பேட்டரியில் வாரக் கணக்கில் நிற்கும். என் தென்னங்கன்றுகளின் அடியை ஏதோ ஒன்று கடித்துப் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தார் எல்லாரும் காட்டுப்பன்றி என்றார்கள், வேலிக்கு விலை கேட்பது வரை பேச்சுப் போனது. இந்தக் கேமராவை முழங்கால் உயரத்தில், சூரியன் நேரே விழாமல் வடக்குப் பார்த்துக் கட்டினேன். நான்காம் ராத்திரி வந்து நின்றது முள்ளம்பன்றி. கன்றுக்குக் கன்று தகரத்தைச் சுற்றிவிட்டோம், வேலிக் காசு மிச்சம். முன்னால் வாழை இலை ஆடாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆயிரம் இலைப் படம்தான் கிடைக்கும்.

இப்போது விற்பனையாளர் கடைசியாகச் சொல்கிற வாசகத்துக்கு வருகிறேன். "ஆளுங்க வேலை செய்யுறாங்களான்னு வீட்ல இருந்தே பாத்துக்கலாங்க சார்." இதற்காகக் கேமரா வாங்குகிறவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில், நம்மை நம்பி வருகிற நாலு பேரைச் சந்தேகக் கண்ணால் பார்க்கப் பணம் செலவழிப்பதா? இன்னொன்று, மோட்டார் ரூம் என்றால் பக்கத்திலேயே தொட்டி. வேலை முடிந்து பெண்கள் கைகால் கழுவுவதும், துணி துவைப்பதும், குளிப்பதும் அங்கேதான். பொருத்த வந்த பையன் மோட்டார் ரூம் கூரையைக் காட்டி, "இங்கிருந்து நல்லா கவரேஜ் கிடைக்கும்" என்றான். களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "ஏனுங்க, அது எங்களையும் புடிக்குமுங்களா?" என்று கேட்டார். கேமராவைப் பாதை முனையில், வெளியே பார்த்து வைத்தோம். போனில் என்ன தெரிகிறது என்பதை எல்லாருக்கும் காட்டினோம். பெண்கள் குளிக்கிற இடத்தைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம்தான்.

திருட்டு நடந்தே விட்டால், வாட்ஸப்பில் நாலு குரூப்புக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாட்ஸப்பில் போனால் படம் சுருங்கிவிடும். கோர்ட்டில் நிற்க, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவுப்படி, கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். மூல மெமரி கார்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அதன் மேல் புதிதாகப் பதிவாக விடாதீர்கள். கேமரா கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

சில்லறை விஷயங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். ராத்திரி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை கட்டும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். எச்சரிக்கையை 'மனிதர் மட்டும்' என்று வையுங்கள். நாய்க்கும் விட்டில் பூச்சிக்கும் போன் அடித்தால் பத்து நாளில் நீங்களே அதை அணைத்து வைத்துவிடுவீர்கள்.

தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்வது இது. 46,000 ரூபாயில் எட்டுக் கண் வேண்டாம். வாசலுக்கு ஒன்று, பாதைக்கு ஒன்று, ஆள் வந்தால் விளக்கு எரிந்து சத்தம் போடுகிற வகையாகப் பாருங்கள். மிச்சக் காசில் கதவுக்கு இரும்புக் கிராதி, களத்துக்கு விளக்கு, மோட்டார் வயரைக் குழாய்க்குள் போட்டு மண்ணில் புதைப்பது, இரண்டு நாட்டு நாய். பெங்களூர் மகனுக்கு வருகிற எச்சரிக்கை, அரை கிலோமீட்டரில் இருக்கிற பங்காளிக்கும் வர வேண்டும். ஓடி வரப் போகிறவர் அவர்தான்.

அதனால் நம்ம கூட்டத்தில் ஒரு யோசனை வைக்கப் போகிறேன். எங்கள் இட்டேரியில் ஏழு தோட்டம், வண்டி உள்ளே வர ஒரே முனை. ஏழு பேரும் பங்கு போட்டு அந்த முனையில் நல்ல 4ஜி கேமரா ஒன்று. ரீசார்ஜ் முறை வைத்து. பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் மட்டும், எச்சரிக்கை ஏழு போனுக்கும். யார் வீட்டு வாசலும் அதில் தெரியக் கூடாது, வண்டி நம்பரும் ஆள் முகமும் தெரிந்தால் போதும். ராத்திரி எழுந்து பார்க்கிற முறை வாரத்துக்கு ஒரு வீடு. முதல் வாரம் நான் எடுத்துக்கொள்கிறேன்.