மடக்குக் கத்தியும் மானமும்

மடக்குக் கத்தி ஒன்று வாங்கப் புகும் தமிழன், கடையில் முதற்கண் கேட்பது, "இஃது எந்நாட்டுக் கத்தி?" என்பதே. அயல்நாட்டுப் பெயர் பொறித்திருப்பின் சொன்ன விலையை வாய்திறவாது கொடுக்கின்றான். உள்நாட்டுக் கொல்லன் செய்ததாயின் பாதி விலைக்குக் கேட்கின்றான். இரண்டிலும் அவன் அலகை விரித்துப் பார்ப்பதில்லை. ஆணி ஆடுகின்றதா என்று அசைத்துப் பார்ப்பதில்லை. அவன் வாங்குவது பெயரையே, கத்தியை அன்று!

கத்தியின் மதிப்பு அது பிறந்த நாட்டில் இல்லை. உருக்கின் தன்மை, கொல்லன் அதற்கு ஊட்டிய தோய்ச்சல், அலகு சுழலும் ஆணியின் இறுக்கம், அலகைத் தாங்கும் வில்தகட்டின் உரம் ஆகிய நான்கிலேயே உள்ளது. உருக்கின் கடுமை மிகின் விளிம்பு நொறுங்கும். குறையின் விரைவில் மழுங்கும். 100 உருபாக் கத்தி ஓராண்டில் கழியுமாயின், அதற்கு ஆண்டுச் செலவு 100 உருபா. 500 உருபாக் கத்தி 20 ஆண்டு உழைக்குமாயின், ஆண்டுச் செலவு 25 உருபாவே. இக்கணக்கை உள்நாட்டுக் கத்திக்கும் அயல்நாட்டுக் கத்திக்கும் ஒருபடித்தாகவே போடுதல் வேண்டும்.

பெயரும் நிலைத்ததன்று, உழைப்பால் மாறுவது. 19ஆம் நூற்றாண்டில் கத்திக்குப் பெயர்பெற்ற ஊர் ஆங்கில நாட்டுச் செபீல்டு. செருமனியின் சோலிங்கனில் செய்த மலிவுக் கத்திகள் பல, செபீல்டின் பெயரைப் பொய்யாகப் பொறித்துக்கொண்டு விலைபோயின. 1876-இல் அமெரிக்கப் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியைக் கண்ட செருமானியப் பொறியறிஞர் பிராண்சு இரூலோ, தம் நாட்டுப் பொருள்கள் மலிவும் இழிவுமானவை என்று வெளிப்படையாகவே கடிந்தார். 1887-இல் ஆங்கில அரசு, அயற்பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பொறிக்கச் சட்டம் செய்தது. இழிவு காட்டுதற்கு இடப்பட்ட அப்பொறிப்பே, செருமானியர் தம் தொழிலைத் திருத்திக்கொண்டமையால், பின்னர் உயர்வின் அடையாளமாயிற்று. சினந்து கூச்சலிட்டு அவர் அதனைப் பெறவில்லை, உலைக்களத்தில் பெற்றனர்.

அச்சோலிங்கனோடு மோதி நின்றது சிறிய சுவிசு நாடு. அந்நாட்டுப் படைத்துறை, தகரக்கலத்து உணவைத் திறக்கவும் துமுக்கியைக் கழற்றவும் உதவும் மடக்குக் கத்தி ஒன்றைப் படைஞர்க்கு வகுத்தபோது, அத்துணைக் கத்திகளைச் செய்து தரவல்ல தொழிற்சாலை உள்நாட்டில் இல்லை. முதல் 15,000 கத்திகள் சோலிங்கனிலிருந்தே வந்தன. இபாக்கு என்னும் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்சனர் இதனைப் பொறுத்திலர். நாட்டுக் கத்திக் கொல்லர்களை ஒன்றுகூட்டி, 1891-இல் தாமே படைக்குக் கத்தி தந்தார். சோலிங்கன் கத்தியோ விலை குறைந்தது. உடன்வந்தோர் விலகினர், எல்சனர் கடனில் மூழ்கினார், உறவினர் கைகொடுத்தே அவர் கரையேறினார்.

அவர் "இது நம் நாட்டுக் கத்தி, ஆதலின் வாங்குக" என்று இரந்து நின்றாரல்லர். ஒரே வில்தகடு இருபுறத்துக் கருவிகளையும் தாங்குமாறு புதுவது புனைந்து, எடை குறைந்த படைத்தலைவர் கத்தியை 1897-இல் பதிவு செய்தார். விலையில் தோற்றவர் வினைத்திறத்தால் வென்றார். அவர் தொடங்கிய நிறுவனமே இன்று உலகறிந்த விக்டோரினாக்சு.

இச்செய்தி தமிழனுக்கு அயலானதன்று. ஓலையில் எழுதிய தமிழ்ப்புலவன் கையில் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒருபுறம் ஓலை வாரும் கத்தியும் மறுபுறம் எழுத்தாணியுமாக, இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும் கருவி அது. ஈரோட்டு மாவட்டத்துக் கொடுமணல் அகழ்வில் பண்டை இரும்புலைகளின் சான்றுகள் கிடைத்துள்ளன. இந்திய நிலத்து உருக்கை 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரடேயும் இலண்டன் கத்திக் கொல்லர் சுடோடார்ட்டும் ஆய்ந்து, அதற்கு நிகரானதைத் தாமே செய்ய முயன்றனர். அத்தகைய மரபுடையவன் இன்று அயற்பொறிப்பின் முன் கைகட்டி நிற்கின்றான். மடக்கெழுத்தாணி என்னும் சொல்லை அகரமுதலியில் தேடவேண்டியுள்ளது. மடக்குக் கத்தி என்னும் தெளிதமிழ்ச் சொல் இருக்கப் 'பேனாக்கத்தி' என்கின்றான். பொருளை இகழ்ந்தவன் சொல்லையும் இழந்தான்.

இதனைத் திருத்தும் கடமை இருவர்க்கும் உண்டு. கொல்லன், நாட்டுப்பற்றின் பெயரால் மட்கத்தியை விற்கலாகாது. அஃது அப்பற்றையே விலைபேசுவதாகும். வாங்குவோன், அயற்கத்திக்கு ஈந்த விலையை, நிகரான உள்நாட்டுக் கத்திக்கும் முகங்கோணாது ஈதல் வேண்டும். குறையிருப்பின் அதனைக் கொல்லனிடமே எடுத்துரைத்தல் வேண்டும். பாதி விலை பெறும் கொல்லன் நல்லுருக்கை எங்ஙனம் வாங்குவான்? எல்சனரை அன்று உறவினர் தாங்கியிராவிடின் சுவிசுக் கத்தி என ஒன்று இன்று இராது. தமிழ்க் கொல்லனுக்குத் தமிழரையன்றி உறவினர் யார்?

அடுத்த முறை கடைக்குச் செல்வோர் அலகை விரித்துப் பார்க்க! ஆணியை அசைத்துப் பார்க்க! ஆண்டுக்கணக்குப் போட்டுப் பார்க்க! அதன்பின் உள்நாட்டுக் கத்தி தேறுமாயின், அதனை விடுத்து அயற்கத்தியை எடுக்கும் கை, தன் உடன்பிறந்தான் உலையில் நீரூற்றும் கை என்றுணர்க!