யார் குத்து பெரிது?

மண்டி மொஹல்லா டீக்கடைகளில் குத்துச்சண்டைப் பேச்சு எழுந்தால், ஜோ லூயியா, மார்சியானோவா, போர்மனா, டைசனா, யார் குத்து பெரிது என்ற வாதம் ஓயாது. நாக் அவுட் கணக்கு மட்டும் இதற்கு விடை சொல்லாது.

மார்சியானோ தாம் ஆடிய 49 போட்டிகளிலும் வென்றார். அவற்றில் 43 நாக் அவுட். ஆனால் அவர் எடை சுமார் 85 கிலோதான். 2020-ல் வைல்டரை வீழ்த்தியபோது டைசன் ப்யூரியின் எடை சுமார் 124 கிலோ! அடிப்பவரும் அடி வாங்குபவரும் மாறிவிட்ட பிறகு, இரு காலத்தையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி?

1973-ல் பிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை சாய்த்தவர் போர்மன். மறு ஆண்டே கின்ஷாசாவில், குத்திக் குத்திக் களைத்து, எட்டாவது சுற்றில் அலியிடம் வீழ்ந்தார். பலத்தைப் பொறுமை வென்றது.

ஆயினும் அடி தாங்குவதற்கும் விலை உண்டு. தலையில் தொடர்ந்து விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. நம் மைசூர் அரண்மனையில் தசராவின்போது ஜெட்டிகள் நடத்தும் வஜ்ரமுஷ்டியில், முதல் துளி ரத்தம் தெரிந்ததுமே போட்டி முடிந்துவிடும். நம் பிள்ளைகளுக்குக் குத்தக் கற்றுத் தருவோர், எப்போது நிறுத்துவது என்பதையும் கற்றுத் தர வேண்டும்.