ஆய்வேட்டுக்கு விருது – நமக்கென்ன?

"பிஎச்.டி.காரங்களுக்கு விருது கொடுத்தா டிப்ளமோ படிக்கிற நமக்கென்னடா?" என்று விடுதியில் நண்பன் ஒருவன் கேட்டான். நமக்குத்தான் அதில் அதிக அக்கறை வேண்டும் என்பது என் கட்சி.

சிறந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பாராட்டும் திட்டம் ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் அறிவித்தது. அறிவியல், பொறியியல், சமூக அறிவியல், இந்திய மொழிகள், வணிகம்–மேலாண்மை என ஐந்து துறைகள். துறைக்கு இருவர் வீதம் ஆண்டுக்குப் பத்துப் பேர். நல்ல காரியம்தான். ஆனால் எதை வைத்து 'சிறந்தது' என்பார்கள்?

கிளாட் ஷானன் கதையைக் கேளுங்கள். 1936-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேற்படிப்புக்குச் சேர்ந்தவருக்கு ஒரு ராட்சதக் கணக்கிடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ரிலேக்கள். இரண்டு காண்டாக்ட் சீரிஸில் இருந்தால் இரண்டும் மூடினால்தான் கரண்ட் போகும். பாரலலில் ஒன்று மூடினாலே போதும். எந்த எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்த சங்கதி! ஜார்ஜ் பூல் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த இயற்கணிதத்தால் இந்தச் சங்கதியைக் கணக்காகவே போடலாம் என்று ஷானன் கண்டுகொண்டார். 1937-இல் அதையே ஆய்வேடாக்கினார். அப்போது வயது 21. நாம் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பரீட்சையில் சர்க்யூட்டைச் சுருக்குகிறோமே, அது அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் அது முனைவர் பட்ட ஆய்வேடு அல்ல, முதுகலை ஆய்வேடு! அதிலிருந்து பிறந்த 1938-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குத்தான் அமெரிக்கப் பொறியாளர் சங்கங்களின் ஆல்ஃபிரட் நோபிள் பரிசு கிடைத்தது. (நோபல் அல்ல சார், நோபிள். வேறு ஆள்.) 1940-இல் மரபியல் பற்றி எழுதி அவர் முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வேட்டை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே பட்டத்தின் பெயரையும் பக்கக் கணக்கையும் மட்டும் பார்த்தால் போதாது. பொறியியல் ஆய்வேடு என்றால், தேர்வுக் குழுவில் பட்டறை அனுபவமுள்ள ஒருவரும் உட்காரட்டும். அடிப்படை ஆராய்ச்சியின் பலன் உடனே தெரியாது என்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் என்ன செய்தோம் என்று பத்துப் பக்கம் தமிழில் எழுதுவதற்குப் பலன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே! ஆய்வேடுகள் 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்து பார்த்தால் நமக்குப் புரிவது நன்றி சொல்லும் பக்கம் மட்டும். அதிலும் கருவியைக் கடைந்து கொடுத்த டெக்னீஷியனுக்கு ஒரு வரி, இருந்தால் உண்டு.

விருது பெற்றவர் ஒருவரை நம் பேரவையே அழைத்து, ரிலே போர்டு பக்கத்தில் நிறுத்திப் பேசச் சொல்லலாம். பயணப்படிக்குப் பணம் இருக்கிறதா என்று பொருளாளரைத்தான் கேட்க வேண்டும்.