கணவருக்கு எச்-1பி... நர்ஸ் மனைவிக்கு?

"பொண்ணு நர்ஸ், மாப்பிள்ளை அமெரிக்காவுல சாப்ட்வேர்" என்று ஒரு வரன் அமைந்தால் இரண்டு வீட்டிலும் ஒரே சந்தோஷம். நர்ஸுக்கு அங்கே வேலை கிடைக்காமலா போய்விடும், இரண்டு பேரும் டாலரில் சம்பாதிக்கலாம் என்று உடனே கணக்கு ஓடும். அங்கே நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு இருப்பது உண்மைதான். ஆனால் தட்டுப்பாடு வேறு, வேலை பார்க்கும் உரிமை வேறு. இந்த வித்தியாசம் பல பேருக்கு விமானம் ஏறி, குளிர்காலம் ஒன்றைப் பார்த்த பிறகுதான் புரிகிறது.

எச்-1பி விசாவில் இருப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோ கிடைப்பது எச்-4. இதில் படிக்கலாம், கார் ஓட்டலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம். வேலை மட்டும் பார்க்க முடியாது. சம்பளம் வாங்காமல் செய்தால் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வழக்கமாகச் சம்பளம் தரப்படும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது வேலையாகவே கருதப்படலாம், பின்னால் விசாவுக்கே வினையாகலாம்.

சரி, அப்படியானால் என்னதான் வழி? முக்கியமானவை நான்கு.

1. எச்-4 இஏடி. 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. கணவரின் பெயரில் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கிரீன் கார்டு நடைமுறையை வைத்து அவருடைய எச்-1பி ஆறு வருடத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் மனைவி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கையில் இருந்தால் எந்த மருத்துவமனையிலும் வேலை பார்க்கலாம். ஆனால் புதிதாகப் போன கணவருக்கு ஐ-140 வரை வரவே சில வருடங்கள் ஆகும். அவருடைய கம்பெனி மனு போடவில்லை என்றால் அதுவும் இல்லை.

2. எல்-2. கணவரைக் கம்பெனியே எல்-1 விசாவில் மாற்றி அனுப்பியிருந்தால் கதை வேறு. 2021 நவம்பரில் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்த பிறகு, எல்-2 துணைவர்களுக்கு விசா நிலையுடனேயே வேலை உரிமை வந்துவிடுகிறது. தனி அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

3. சொந்தமாக எச்-1பி. குறைந்தது பட்டப்படிப்பு தேவைப்படும் சிறப்புத் தொழிலுக்குத்தான் எச்-1பி. சாதாரண நர்ஸ் பணிக்கு அமெரிக்காவில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி படித்தவரும் தகுதி பெறுகிறார். அதனால், "எங்கள் நர்ஸ் பி.எஸ்ஸி. படித்தவர்" என்று மருத்துவமனை சொன்னால் மட்டும் போதாது, அந்த வேலைக்கே பட்டம் தேவை என்று நிரூபிக்க வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற உயர்நிலைப் பணிகளுக்கு இது சாத்தியம், வார்டு நர்ஸுக்கு அபூர்வம். நர்ஸ்களுக்கென்றே இருந்த எச்-1ஏ 1995-ல் முடிந்தது. வருடத்துக்கு 500 பேர் என்று வந்த எச்-1சி 2009-ல் முடிந்தது. அதன் பிறகு நர்ஸ்களுக்கெனத் தனித் தற்காலிக விசா எதுவும் வரவில்லை.

4. நேரடியாக கிரீன் கார்டு. நர்ஸ்கள் 'ஷெட்யூல் ஏ' என்ற பட்டியலில் இருக்கிறார்கள். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் கொடுத்து நிரூபிக்கும் வேலை மருத்துவமனைக்கு இல்லை, ஐ-140 மனுவை நேராகத் தாக்கல் செய்யலாம். அமெரிக்க அரசே "நர்ஸ் பற்றாக்குறை உண்டு" என்று சட்டத்தில் ஒப்புக்கொண்டது போலத்தான் இது.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் வருடத்துக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் சுமார் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. 2025-ன் நடுவில் இந்தியர்களுக்கான இபி-3 பிரிவில் 2013-ல் வரிசையில் நின்றவர்களின் முறைதான் வந்திருந்தது. பன்னிரண்டு வருடம்! பிலிப்பைன்ஸில் பிறந்த நர்ஸுக்கு சில வருடங்களில் கிடைப்பது, அதே படிப்பு, அதே தேர்வு எழுதிய இந்திய நர்ஸுக்கு ஒரு வியாழ வட்டம் சுற்றி வந்த பிறகு.

இன்னொரு முரணும் உண்டு. மனைவியின் சொந்த ஐ-140 ஏற்கப்பட்டாலும் அதை வைத்து அவருக்கு எச்-4 இஏடி கிடைக்காது. விதிப்படி அந்த மனு எச்-1பி வைத்திருக்கும் கணவரின் பெயரில் இருக்க வேண்டும். ஆக, தட்டுப்பாடு உள்ள தொழிலைத் தெரிந்தவர் மனைவி, ஆனால் அவர் வேலைக்குப் போகலாமா என்பதைத் தீர்மானிப்பது கணவரின் மனு.

கணக்குப் படித்தவர்கள் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஐ.சி.யூ.வில் ஐந்து வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் நான்கு வருடம் வீட்டில் இருந்தால் இழப்பது நான்கு வருடச் சம்பளம் மட்டுமல்ல. இயந்திரத்துக்குத் தேய்மானம் இருப்பது போலத் திறமைக்கும் உண்டு. சமீபத்திய அனுபவம் எங்கே என்றுதான் மருத்துவமனைகள் முதலில் கேட்கின்றன. இந்த இழப்பு எந்த நாட்டின் வரவு செலவுக் கணக்கிலும் வருவதில்லை. எச்-4 இஏடி விதி வந்த முதல் சில வருடங்களில் அதைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இந்தியாவில் பிறந்தவர்கள், பெரும்பாலோர் பெண்கள். யாருடைய உழைப்பு முடங்கிக் கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவரின் துணைவர் வேலை பார்க்கலாம். நர்ஸ் என்றால் அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்குக் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. (கணவர் அங்கே படிக்கப் போகிறவர் என்றால் கவனம் தேவை. 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளில், ஆராய்ச்சி மாணவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் துணையை அழைத்துப் போக முடியாது.) ஜெர்மனியிலும் குடும்ப விசாவில் போகிறவருக்கு வேலை உரிமை உண்டு, நர்ஸாக ஜெர்மன் மொழியும் படிப்புக்கான அங்கீகாரமும் தேவை. அதாவது அங்கெல்லாம் கேட்கப்படும் கேள்வி "உனக்குத் தொழில் தெரியுமா?" என்பது. அமெரிக்காவில் கேட்கப்படுவது "உன் கணவர் எந்த வரிசையில் நிற்கிறார்?" என்பது.

மாநில லைசென்ஸும் சட்டப்படியான குடியிருப்பும் உள்ள நர்ஸுக்கு, அவர் யாருடைய மனைவியாக வந்திருந்தாலும் வேலை அனுமதி கொடுப்பதுதான் நியாயம். உள்ளூர் நர்ஸ்களின் சம்பளம் குறையும் என்று எதிர்ப்பு வரும். அது அலட்சியப்படுத்த வேண்டிய வாதம் அல்ல. ஆனால் இவர் புதிதாக இறக்குமதி செய்யப்படுகிறவர் இல்லை, ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர். இஏடி கையில் இருந்தால் பிடிக்காத முதலாளியை விட்டு வேறிடம் போகவும் முடியும். அப்படிப்பட்டவரால் சம்பளம் குறைவது கடினம். ஒரே முதலாளியிடம் கட்டிப்போடப்பட்டவரை வைத்துத்தான் சம்பளத்தைக் குறைக்க முடியும். நம் ஊர் நர்ஸ்களை எல்லாம் அவர்கள் கொண்டுபோகலாமா என்ற இன்னொரு வாதமும் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அவர் ஏற்கெனவே போய்விட்டார். இப்போது அவர் உழைப்பு இந்தியாவுக்கும் இல்லை, அமெரிக்காவுக்கும் இல்லை.

சட்டம் மாறும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது சில உண்டு.

முதலில் என்கிளெக்ஸ் தேர்வு. இதைச் சென்னையிலேயே எழுதலாம். தேர்வுக் கட்டணம் 200 டாலர், வெளிநாட்டில் எழுதுவதற்குக் கூடுதலாக 150 டாலர். 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். கல்லூரிச் சான்றிதழ்கள், தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலின் சரிபார்ப்பு எல்லாவற்றையும் ஊரில் இருக்கும்போதே முடிப்பது சுலபம். கடல் தாண்டிய பிறகு ஒரு முத்திரைக்காக அப்பாவை அலைய விட வேண்டியிருக்கும்.

அடுத்து, எந்த மாநிலத்தில் லைசென்ஸ் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சில மாநிலங்கள் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் லைசென்ஸ் தருவதில்லை. வேலை அனுமதி இல்லாத எச்-4-க்கு அந்த எண் கிடைப்பதில்லை.

மூன்றாவது, வரிசையில் சீக்கிரம் இடம் பிடிப்பது. என்கிளெக்ஸ் தேறியவருக்காக மருத்துவமனை ஒன்று ஐ-140 போட்டால் அன்றைய தேதி அவருக்குச் சொந்தம். மனு ஏற்கப்பட்ட பிறகு முதலாளி மாறினாலும் பொதுவாக அந்தத் தேதி கூடவே வரும். கணவர் வரிசை, மனைவி வரிசை இரண்டில் எது முதலில் வந்தாலும் குடும்பம் முழுவதும் அதில் ஏறிக்கொள்ளலாம். கிரீன் கார்டு கட்டத்தில் விசாஸ்கிரீன் சான்றிதழும் தேவைப்படும். ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள், பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நான்காவது, இஏடி இருப்பவர்கள் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு நிறுத்தப்பட்டது. பழைய அட்டை முடிந்து புதியது வரவில்லை என்றால் மறுநாள் டியூட்டிக்குப் போக முடியாது.

வரன் பேசும்போது மாப்பிள்ளையின் சம்பளம், கார், வீடு எல்லாம் விசாரிக்கிறார்கள். பெண் நர்ஸ் என்றால் இன்னும் இரண்டு கேள்விகள் சேர்க்கலாம். எச்-1பியா எல்-1ஆ? ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது? பவுன் கணக்கு பேசும் சபையில் இந்தக் கணக்கையும் பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது.