இரண்டு ஆரஞ்சும் ஒன்றல்ல

தீபாவளி நெருங்கினால் பல வீடுகளில் தொடங்கிவிடும் பட்டிமன்றம் இது. கடையில் வாங்கி வந்த வண்ண அட்டையில் இரண்டு ஆரஞ்சு. கணவருக்கு ஒன்று பிடிக்கும், மனைவிக்கு மற்றது. "ரெண்டும் ஒண்ணுதானே, ஏதாவது ஒண்ண அடிங்க" என்பார் பாட்டி. அவசரப்பட வேண்டாம், நேயர்களே!

இரண்டையும் ஒரு வெள்ளைத் தாள்மீது அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று பழுத்த பப்பாளிபோல மஞ்சள் பக்கம் சாயும். மற்றது செங்கல்போலச் சிவப்பும் பழுப்பும் கலந்திருக்கும். அட்டையில் இலேசாகத் தெரியும் இந்த வேறுபாடு, முழுச் சுவரில் பெரிதாகிவிடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு அடித்தால், ஒன்றின் ஒளி மற்றதில் பட்டு நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். வீவக வீடுகளில் பொது நடைபாதையை ஒட்டிய அறைக்குள் பெரும்பாலும் வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே செங்கல் நிறம் மங்கிப் பழுப்பாகத் தெரியும். பப்பாளி நிறம்தான் அறைக்குக் களை தரும். மேற்குப் பார்த்த வரவேற்பறையிலோ மாலை வெயில் நேராகச் சுவரில் விழும். அங்கே பப்பாளி கண்ணைக் கூசவைக்கும். செங்கல் அமைதியாக இருக்கும்.

இரவுக் கணக்கு வேறு. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் இரண்டுமே கதகதப்பாகத் தெரியும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் அந்தக் கதகதப்பு குறைந்துவிடும். விளக்குப் பெட்டியிலேயே இந்த எண் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

முடிவெடுக்க ஒரு வழி: சிறிய மாதிரி டப்பாக்கள் வாங்கி, இரண்டு ஏ4 அட்டைகளில் இரண்டு பூச்சு அடியுங்கள். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விடுங்கள். பழைய சுவர் நிறம் கண்ணைக் குழப்பாது. ஈரத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், காய்ந்தால் நிறம் மாறும். காலை, மாலை, இரவு என அதே சுவரில் ஒட்டிப் பாருங்கள்.

கடைசி வாக்கு யாருக்கு? அந்த அறையில் அதிக நேரம் இருப்பவருக்கு. நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால், பகல் முழுவதும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? வயது கூடக் கூடக் கண்ணுக்கு வெளிச்சமும் கூடுதலாகத் தேவைப்படும். "ஏதாவது ஒண்ண அடிங்க" என்றாரே, முதலில் அவரிடம் அட்டைகளைக் காட்டுங்கள்.