உள்ளத் திண்மை

மக்கள் வாழ்க்கை இன்பமும் துன்பமும் விரவியது. துன்பம் வாராமற் காத்தல் எல்லார்க்கும் எஞ்ஞான்றும் இயல்வதன்று. வந்த துன்பத்தால் அழிந்துபோகாமல் நிற்றலோ, பயின்றால் இயல்வது. அங்ஙனம் நிற்கும் ஆற்றலே உள்ளத் திண்மை எனப்படும். அது பிறவியிலேயே சிலர்க்கு வாய்க்கும் பேறு என்பர் பலர். அக்கருத்துப் பொருந்தாது. உழைப்பால் உடல் உரம் பெறுவதுபோலப் பயிற்சியால் உள்ளமும் உரம் பெறும்.

அழாதிருத்தலே திண்மை எனக் கருதுவாரும் உளர். இழந்தவன் அழுவது இயற்கை, அழுகை கோழைமையாகாது. கல்லுக்குத் துன்பம் இல்லை. அதனால் அதற்குத் திண்மை என்னும் சிறப்பும் இல்லை. துன்பத்தை முற்றும் உணர்ந்தும், அதன்பின் செய்யத்தக்கதைச் செய்பவனே திண்ணியன்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காவிரிக் கடைமடையில், அரசலாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த காரைக்காலே இரண்டு சான்றுகளைத் தருகின்றது, ஒன்று பழையது, மற்றொன்று அண்மையது.

பழைய சான்று, அவ்வூர் வணிகர் மகளாய்ப் பிறந்த புனிதவதியார் வாழ்க்கை. அதனைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்துள்ளார். கணவன் பரமதத்தன் அனுப்பிய மாங்கனி இரண்டனுள் ஒன்றை அவர் சிவனடியார்க்குப் படைத்தார். இறையருளால் வேறொரு கனி வரக்கண்ட கணவன், அவரைத் தெய்வமென அஞ்சினான். கடல்வாணிகம் செய்வான்போற் கலமேறிச் சென்று, பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்து வாழ்ந்தான். சுற்றத்தார் புனிதவதியாரை அங்கு அழைத்துச் சென்றபோது, அவன் மனைவியோடும் மகளோடும் அவர் அடியில் வீழ்ந்து வணங்கினான்.

குற்றம் ஏதும் செய்யாத பெண்ணொருத்திக்கு இதனினும் கொடிய இடர் யாது? எனினும் அவர் கணவனைப் பழித்திலர். தம் வாழ்வு முடிந்ததென்றும் சோர்ந்திலர். கணவன் பொருட்டுச் சுமந்த அழகு இனி வேண்டாவென இறைவனை வேண்டிப் பேயுருப் பெற்றார். பாடலைத் தம் பணியாக மேற்கொண்டார். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியன அவர் அருளியவை. அறுபத்து மூவர் வரிசையில் ஏனையோர் நின்றிருக்க, அம்மையார் மட்டும் அமர்ந்த கோலத்தில் விளங்குகின்றார். ஆண்டுதோறும் ஆனித் திங்களில் காரைக்கால் மாங்கனித் திருவிழா எடுத்து அவரைப் போற்றுகின்றது. ஒரு வழி அடைபட்டபோது மறுவழி கண்டு நடத்தலே திண்மை என்பது இவர் வரலாற்றால் விளங்கும்.

அண்மைச் சான்று, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலை. சுமத்திரைக்கு அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தால் கிளர்ந்த அலை, சில நாழிகைக்குள் சோழமண்டலக் கரையைத் தாக்கிற்று. புதுவை ஆட்சிப்பரப்பில் மாண்டார் ஏறத்தாழ 600 பேர்; அவருள் பெரும்பாலோர் காரைக்காற் பகுதியினர். படகும் வலையும் போயின, வீடுகள் இடிந்தன. தாயாகக் கருதிய கடலே பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. கடலை நோக்கவும் பலர் அஞ்சினர். ஆயினும் காலம் செல்லச் செல்ல, அம்மீனவர் மீண்டும் கடலிற் கலம் செலுத்தினர். அச்சம் ஒழிந்தபின் சென்றாரல்லர். அச்சம் இருக்கவே சென்றனர். செல்லச் செல்ல அச்சம் குறைந்தது.

அவர்தம் திண்மை தனித்த ஒருவர் திண்மையன்று என்பதும் நோக்கத்தக்கது. அக்கரையின் மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தார், வந்த உதவிப் பொருள்களைக் குடும்பந்தோறும் பங்கிட்டனர். ஒருவர்க்கொருவர் தோள்கொடுத்தமையால் பலர் எழுந்தனர். அப்பங்கீட்டில் கைம்பெண்டிரும் பிற வகுப்பினரும் சில இடங்களில் விடுபட்டனர் என்ற குறையும் சொல்லப்பட்டது. அக்குறை மறைக்கத்தக்கதன்று. வலியார் மட்டும் எழுந்து எளியார் கிடப்பின், அவ்வூர் எழுந்ததாகாது. “மனவுறுதி கொள்க” என்று துன்புற்றார்க்கு அறிவுரை கூறிவிட்டு, உண்ண உணவும் இருக்க இடமும் கொடாமல் அகல்வது அறமாகாது.

துன்பத்திலிருந்து கற்றலும் திண்மையின் ஒரு கூறே. அன்று முன்னறிவிப்புக் கிட்டாமையால் உயிர்கள் மாய்ந்தன. அதனை உணர்ந்து, 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பெற்றது. இறந்தாரை மீட்டல் இயலாது. இனி இறவாமற் காத்தல் இயலும்.

திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய அதிகாரங்களை முன்வைத்து, அவற்றின் பின்னரே இடுக்கண் அழியாமையை அமைத்தார். இம்முறைவைப்பில் ஓர் உண்மை உண்டு. நாடோறும் சோம்பலை வென்று உழைப்பவனே, இடர் வந்த நாளில் நிலைகுலையாது நிற்பான். வெள்ளம் வந்தபின் கரை கட்டத் தொடங்குதல் பயன்தாராது.

ஆதலின் மாணவர், சிறிய இடர்களிலேயே இப்பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும். தேர்வில் தவறிய மாணவன், தன் வாழ்வே தவறிற்றென்று எண்ணுதல் கூடாது. எப்பாடத்தில் எதனால் தவறினோம் என ஆராய்ந்து, மறுநாளே அப்பாடத்தைத் திறத்தல் வேண்டும். துயர் தாங்கற்கரியதாயின், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ நண்பரிடமோ வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். உதவி கேட்டல் இழுக்கன்று. கேட்டார்க்கு உதவாமையே இழுக்கு. விழாமல் வாழ்ந்தவர் உலகில் எவருமிலர். விழுந்தபின் எழுவதும், எழுந்தபின் பிறரை எழுப்புவதுமே மக்கட்பிறப்பின் மாண்பாம்.