ஒரே மருந்து, ரெண்டு பேரு

"அம்மாவோட மறதி நோய்க்கு ஜெனரிக் மாத்திரை வேலை செய்யுமா டாக்டர்?" சங்கராபுரத்துல அடிக்கடி கேக்குற கேள்வி. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

கல்வராயன் மலை அடிவாரத்து ஊர், 74 வயசுப் பாட்டி. வாந்தி, மயக்கம்னு தூக்கிட்டு வந்தாங்க. நாடித்துடிப்பு 42. மருந்துப் பையில ரெண்டு மாத்திரை அட்டை. ஒண்ணு பெரிய மகன் சேலத்துல வாங்கின பிராண்ட். இன்னொண்ணு, விலை கம்மின்னு சின்ன மகன் வாங்கின ஜெனரிக். வேற வேற மாத்திரைன்னு நெனச்சு மருமக ராத்திரி ரெண்டையும் குடுத்திருக்காங்க.

ரெண்டுமே டோனெபெசில் 10 மி.கி.!

இது ரத்தத்துல பாதியா குறையவே சுமார் 70 மணி நேரம் ஆகும். நாலு நாள் வார்டுல வெச்சுப் பாத்துத்தான் அனுப்பினோம். "ஜெனரிக்காலதான் இப்படி ஆச்சா சார்?"னு மகன் கேட்டார். இல்லங்க, ஒரே மருந்துக்கு ரெண்டு பேரு இருந்ததால ஆச்சு.

டோனெபெசிலைக் கண்டுபிடிச்சது ஜப்பானோட எய்சாய் கம்பெனி. 1996ல அமெரிக்காவுல அரிசெப்ட்ங்கற பேர்ல அனுமதி கிடைச்சது. அங்க காப்புரிமை 2010லயே முடிஞ்சுபோச்சு. நம்ம ஊர்ல 'நல்ல கம்பெனி மருந்து'ன்னு வாங்குறதும் பெரும்பாலும் அதே மருந்துக்கு வேறொரு கம்பெனி வெச்ச பேருதான். இதுல அசல் எது, நகல் எது?

தரம் பத்தின பயம் நியாயமானது. ஆனா தரமில்லாத மாத்திரை ரெண்டு பக்கமும்தான் மாட்டுது. டாக்டர்கள் மருந்தோட பேரைத்தான் எழுதணும்னு 2023 ஆகஸ்ட்ல தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் அதே மாசம் நிறுத்தி வெச்சது. "எந்தக் கம்பெனின்னு கடைக்காரர் முடிவு பண்ணிடுவாரு"ங்கறது எங்க ஆளுங்க வாதம். பாதி உண்மை. மீதி பாதியை நாங்க வெளிய பேசறதில்ல.

பிராண்ட் பேரைவிட மருந்தோட பேரைப் பெருசா அச்சடிக்கணும்னு 2018லேர்ந்து விதி இருக்கு. ஆனா கடையில அட்டையைக் கத்தரிச்சு நாலு மாத்திரை குடுத்தா, பேரு இருக்குற பக்கம் கடையிலயே தங்கிடுது.

என் கருத்து: தாராளமா ஜெனரிக் வாங்குங்க. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகத்துல கேட்டுப் பாருங்க. இந்த மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். பிராண்டுக்காகக் கடன் வாங்காதீங்க. அந்தக் காசுல பகல்ல பாட்டிகூட இருக்க ஒரு ஆள் வைங்க. மாத்திரை மாறினா பழைய அட்டையை வீட்டுல வெக்காதீங்க. நிறம் மாறினாலே அவங்க குழம்பிடுவாங்க, அதனால முடிஞ்சவரை ஒரே கம்பெனி மாத்திரையா வாங்குங்க.

அடுத்த தடவை வரும்போது சீட்டு மட்டும் போதாது. மருந்துப் பையை அப்படியே தூக்கிட்டு வாங்க.